எக்ஸ் வாரம்

ஏப்ரல் 9

இன்று கியூ என்ற எழுத்து முடிந்தது. அந்த எழுத்துக்கு ஒரு குயீன் வேண்டும் என்றார் டீச்சர் மிஸ் ஃபீல்ட்ஸ். யாரை ராணியாக்கலாம் என்று கேட்டதும் ஐந்து வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் என்னைக் காட்டினார்கள். காகிதக் கிரீடம் வைத்தார்கள். எழுபத்து மூன்று வயதில், தாடியோடு ராணியானேன்.

பேத்தி டாராவைப் பள்ளியில் விடப் போனவன்தான் நான். செப்டம்பரில் ஒரு நாள் மழை விடட்டும் என்று கடைசிச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து நானும் அந்த வகுப்பு. அதிகம் புழங்காத எழுத்துகளை டீச்சர் வருடக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்.

"அதுங்க கூச்ச சுபாவம் தாத்தா. விழா எடுத்தாத்தான் பிள்ளைங்க மனசுல நிக்கும்" என்கிறார்.

எனக்கு எல்லா எழுத்துமே விழாதான்.

ஏப்ரல் 10

முடி வெட்டப் போனேன். என்னோடு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஹோபர்ட் அங்கே உட்கார்ந்திருந்தான். "என்ன எஸ்டில், இந்த வருஷமாவது ஒண்ணாங்கிளாஸுக்குப் பாஸ் போடுவாங்களா?" என்றான். கண்ணாடிக்கு மேலே இருந்த விளம்பரத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். முழுவதும். வாயை மூடிக்கொண்டான்.

ஏப்ரல் 16

எக்ஸ்! பிள்ளைகள் தரையில் மல்லாந்து கையையும் காலையும் விரித்து ஆளுக்கொரு எக்ஸ் ஆனார்கள். ஐஸ் குச்சிகளைக் குறுக்கே ஒட்டினார்கள். பிறகு கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

இந்த ஒரு எழுத்தை எனக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. சம்பளம் வாங்கும்போது, கல்யாணத்தில், என் மனைவி ஐலீனைப் புதைத்த அன்று — எழுதத் தெரியாததால் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் இதைத்தான் போட்டேன். ஒரே இழுப்பில் போட்டேன். கை தட்டினார்கள். பில்லி என்ற பையன், "தாத்தாவுக்கு எக்ஸ் சூப்பரா வருது!" என்றான். வரும்டா, வரும்.

ஏப்ரல் 17

விளையாட்டு மைதானத்தில் புதையல் வேட்டை. சுண்ணாம்புக்கட்டியில் எக்ஸ் போட்ட இடத்தில் மிட்டாய்.

டாரா எனக்கு விளக்கினாள். "எக்ஸ் போட்டுட்டா தொலையாது தாத்தா. திரும்பி வந்தா அங்கயே இருக்கும்."

ஏப்ரல் 18

வீட்டிலிருந்து எக்ஸில் தொடங்கும் பொருள் ஒன்று கொண்டுவர வேண்டும். வேறு ஊரில் என்ன செய்வார்களோ. எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் எக்ஸ்ரே உண்டு. பாதிப் பிள்ளைகள் அதைத்தான் கொண்டுவந்தார்கள். ஒடிந்த கை ஒன்று, ஒரு நாயின் இடுப்பு, மீதியெல்லாம் அப்பாக்களின், தாத்தாக்களின் நெஞ்சு. டீச்சர் அவற்றை ஜன்னலில் வரிசையாக ஒட்டினார். வெயில் பட்டதும் வகுப்பே நின்று பார்த்தது.

நானும் காலையில் என் அலமாரியில் மேலாக இருந்த உறையிலிருந்து ஒன்றை உருவிக் கொண்டுபோயிருந்தேன். பிள்ளைகள் அதன் முன்னால் கூடிவிட்டார்கள்.

"தாத்தாவுக்குள்ள பனி பெய்யுது!"

"பனி இல்லடா, பனிக்கட்டி. பெரிசு பெரிசா இருக்கு பாரு!"

எது அழகு என்று கை தூக்கச் சொன்னார் டீச்சர். என்னுடையது ஜெயித்தது. மூலையில் தங்க நட்சத்திரம் ஒட்டினார்கள்.

கரி வெளியே கறுப்பு. நெஞ்சுக்குள் படிந்தால் படத்தில் மட்டும் வெள்ளை. கடைசியாக டாக்டர் காட்டியபோது உப்புத் தூவியது போல்தான் இருந்தது. இப்போது கட்டி கட்டியாக, முஷ்டி அளவு. இப்படி வந்தவர்கள் யாரும் அப்புறம் நெடுநாள் இருந்ததில்லை.

சரி. வயதாகிவிட்டது. படிக்கவும் கற்றாயிற்று. போகலாம்.

ஏப்ரல் 19

பிள்ளைகள் வெளியே விளையாடும் நேரம், ஜன்னலில் இருந்த படங்களின் மூலையில் உள்ள பெயர்களைப் பழக்கத்துக்காகப் படித்துக்கொண்டே வந்தேன். பஸ்டர் — நாயின் பெயர். நாயின் பெயரைக்கூடப் படித்துவிட்டேன் என்று தனியாக நின்று சிரித்தேன்.

அடுத்தது என்னுடையது. காம்ப்ஸ், எங்கள் குடும்பப் பெயர். அடுத்து எஸ்டில். ஈ வர வேண்டும்.

டி இருந்தது.

விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். நான் தப்பாகப் படிக்கிறேன், நேற்றுப் படித்த கிழவன்தானே. இன்னொரு முறை. இன்னொரு முறை.

டெல்மர்.

என் மகன். ட்ரீசாவின் புருஷன், டாராவின் அப்பா. நாற்பத்தோரு வயது. இன்று காலையும் சாப்பாட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு சுரங்கத்துக்குப் போனான்.

ஏப்ரல் 20

படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டெல்மர் வேலை முடிந்து வண்டியை நிறுத்தியதும் நானும் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். படத்தை அவன் மடியில் வைத்தேன்.

மூலையில் தன் பெயரைப் பார்த்தான். "யாருப்பா சொன்னது?"

"யாரும் சொல்லல. படிச்சேன்."

சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கும்வரை காத்திருந்தேன். இந்த இருமலைக் குளிர்காலம் முழுக்கச் சளி என்றான். நானும் நம்பினேனே — நான்! வாழ்க்கை பூரா இந்த இருமலைக் கேட்டவன்.

"எல்லாரும் படிக்கிற வீட்டுல எங்கப்பா ஒளிச்சு வைக்கறது?" என்றான். "ட்ரீசா கண்ணுல எதுவும் தப்பாது. டாராகூட எழுத்துக் கூட்டுறா. உன் அலமாரி ஒண்ணுதான் இருந்துச்சு. உன் படத்தோட படமா வச்சுட்டேன். நீ பாத்தாலும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"எப்பத்துலேருந்துடா?"

"போன வருஷம் இலை உதிர்ற சமயம்."

"தெரிஞ்சும் உள்ள போறியா?"

"வேற எங்கப்பா போறது? எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான். உனக்கும் அப்படித்தானே?"

"ட்ரீசாகிட்ட நீ சொல்றியா, இல்ல நான் எழுதி மேசைமேல வைக்கட்டுமா? எனக்கு இப்ப எழுதவும் வரும்" என்றேன்.

அவன் மூலையிலிருந்த நட்சத்திரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "பரிசு வாங்கியிருக்கேன் போல" என்றான்.

ஏப்ரல் 21

ஏன்டா படிச்சே, கெழட்டுப் பயலே. அதை என்னுதுன்னே நெனச்சுக்கிட்டுச் செத்துப் போயிருக்கலாமே. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு அந்த ஒரு ராத்திரி.

ஏப்ரல் 22

சொல்லிவிட்டான். சமையலறையில் ட்ரீசா குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரம் எதுவும் கழுவும் சத்தம் இல்லை. டாராவைக் கூட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன். மணலில் அவள் எக்ஸ் போட்டுக்கொண்டே வந்தாள்.

ஏப்ரல் 23

சாப்பாட்டு வாளி அலமாரியிலேயே இருக்கிறது. அவன் போகவில்லை.

மே 4

இசட். பிள்ளைகள் எல்லாரும் படுத்துக் குறட்டை விட்டு இசட் சத்தம் எழுப்பினார்கள். நானும் படுத்தேன். நிஜமாகவே தூங்கிவிட்டேன். வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே கிடக்கிறேன், தூக்கம் வருவதில்லை. டீச்சர் என்னை எழுப்பவில்லை.

மே 12

இசட் வாரம் முடிந்தது, கடைசி எழுத்தும் ஆயிற்று. முன்பு இதற்குத்தான் காத்திருந்தேன்.

மே 25

வருடக் கடைசி எழுத்து ஊர்வலம். பிள்ளைகள் ஆளுக்கொரு எழுத்தை அட்டையில் வெட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வீட்டுப் பெரியவர் கையைப் பிடித்துத் தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க வேண்டும். எக்ஸை யாரும் கேட்கவில்லை. டாரா கேட்டு வாங்கினாள்.

டெல்மர் வந்தான். பகல் வெளிச்சத்தில் அவன் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்ப்பது இதுதான் முதல் முறை. சுத்தமான சட்டை போட்டிருந்தான். டாரா ஒரு கை, அவன் ஒரு கை. நான் பின்னால்.

குடிதண்ணீர்க் குழாய் வரை வந்தான். அங்கே சுவரைப் பிடித்து நின்றான். யாரோ சின்ன நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்தான். முட்டி நெஞ்சைத் தொட்டது.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்கயிருந்தே பாக்கறேன்."

டாரா என் கையைப் பிடித்தாள். இரண்டு அடி வைத்தவள் திரும்பி ஓடினாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"கண்ணு, அது இல்லாம எப்படி நடப்ப? நீதானே எக்ஸ்?"

"நான் திரும்பி வர்றப்ப நீ இங்கயே இருக்கணும்ல" என்றாள்.

நானும் அவளும் நடந்தோம். எனக்கு மூச்சு வாங்கவில்லை. ஆண்டவனே, எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். முனை வரை போய்த் திரும்பினோம்.

அவன் அங்கேயே இருந்தான்.