மலையடிவாரத்தில் தள்ளிப் போட்ட கோடு

1966, ஐப்பசி 20.

சிங்கம்புணரிக்கு அப்பால், மலையடிவாரத்தில் மண் சரியக்கூடிய வயல்களை வரைபடத்தில் குறிக்கப் போயிருந்தேன். அங்கே குடியிருக்கும் கருப்பாயி என்பவளின் கடலைக் காட்டுக்கு மேலே, கை நுழையும் அகலத்துக்கு நிலம் வெடித்திருந்தது. அவள் குடிசையையும் சேர்த்துச் சிவப்புக் கோடு போட்டேன்.

"கோடு போட்டீகன்னா எங்களைக் காலி பண்ணச் சொல்லிருவாக. மூணு பிள்ளைகளோட எங்குட்டுப் போவேன்? கொஞ்சம் அங்குட்டுத் தள்ளிப் போடுங்கய்யா" என்று காலில் விழுந்தாள்.

அழித்துவிட்டுத் தள்ளிப் போட்டேன். மடி நிறையக் கடலை கொண்டுவந்து கொடுத்தாள். மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் காரைக்குடிக்குத் திரும்பி வந்ததிலிருந்து மழை விடவே இல்லை. அந்த வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். முதல் பஸ் விடிந்துதான். நான் போய் அவளை வெளியேறச் சொல்லும்வரை மண் தாங்க வேண்டும். தப்புச் செய்தவன் நான். அந்த வெடிப்புக்குக் கீழே படுத்திருப்பது அவளும் பிள்ளைகளும்.