இரண்டாவதுதான் ஒரிஜினல்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. முக்கால் நலம் என்று வைத்துக்கொள். மீதிக் காலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஃபோன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் வேண்டியிருக்கிறது என்று நீ சிரிப்பாய். மெசேஜ் அனுப்பினால் என் ஃபோனை எடுத்து அப்பாவும் பார்ப்பார். பேசலாம் என்றால், நீதான் இப்போது கூப்பிடுவதே இல்லையே. நான் கூப்பிட்டாலும் ‘வேலையா இருக்கேம்மா’ என்று வைத்துவிடுகிறாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கிதாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்துக் காலால் மிதிக்கிற அந்தப் பெடலை ஒரிஜினலாக வாங்குவதா, அதையே பார்த்துச் செய்த மலிவு டூப்ளிகேட்டை வாங்குவதா என்றுதானே கேட்டாய்? அப்பாவிடம் கேட்டாய், என்னிடம் கேட்கவில்லை. பரவாயில்லை. இந்த சவுண்ட் சர்வீஸ் கடையில் உடைந்து வருகிற சாமானையெல்லாம் திறந்து பற்றவைக்கிறவள் நான்தான், ஆகையால் கேட்காமலே சொல்கிறேன்.

உள்ளே திறந்து பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான் இருக்கும். அது பழைய சர்க்யூட், தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. டூப்ளிகேட்டில் முதலில் போவது காலால் மிதிக்கிற சுவிட்ச், அடுத்து ஒயர் சொருகுகிற ஜாக். உள்ளே பாகங்கள் கடுகு மாதிரி இருப்பதால் என் கண்ணுக்கும் கைக்கும் அடங்காது, கெட்டால் தூக்கித்தான் போடணும். ஒரிஜினலைப் பத்து வருஷம் மிதித்துவிட்டும் விற்கலாம், டூப்ளிகேட்டை விற்கப் போனால் ‘சும்மா குடுத்தா வாங்கிக்கறேன்’ என்பான். ஆனால் உனக்கு எந்தச் சத்தம் ஒத்துவரும் என்று நீயே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாய். தேடுகிறவளுக்கு மலிவே போதும். மேடைக்குப் போவதாக இருந்தால் அதிலேயே இரண்டு வாங்கி, ஒன்றைப் பையில் வை. அந்தப் பெடலை முதலில் யோசித்துச் செய்தவன் எங்கேயோ உட்கார்ந்திருப்பான் இல்லையா, அதுவும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. கையில் காசு சேரும்போது அவனிடமே ஒன்று வாங்கிவிடு, கணக்கு நேராகும்.

நம் கடையிலேயே பாதி டூப்ளிகேட்தான், உனக்குத் தெரியாததா. ஒரிஜினல் மைக்குகளுக்கு அப்பா வைத்திருக்கிற பெயர் ‘மாப்பிள்ளை’. மழை, வெயில், கூட்டம் எதற்கும் அவர்களை வெளியே எடுக்க மாட்டார். நாள் முழுக்க உழைப்பதெல்லாம் டூப்ளிகேட்தான், ஆனால் அவர் வாயிலிருந்து அதற்கு ஒரு நல்ல வார்த்தை வராது.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. கரன்ட் கொடுக்கிற அடாப்டரை நல்லதாக வாங்கு. ஏன் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்.

இப்போது மீதிக் கால்.

நீ இரண்டு பதிவுகள் அனுப்பினாயே, ஒன்று சிநேகிதியிடம் கடன் வாங்கிய ஒரிஜினல் பெடலில் வாசித்தது, மற்றது டூப்ளிகேட்டில் வாசித்தது, எது எது என்று அப்பாவே கண்டுபிடிக்கட்டும் என்று. அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! மேசையைத் துடைத்தார், நல்ல ஹெட்ஃபோன் இரண்டை எடுத்தார், எனக்கும் ஒன்று மாட்டிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். முதலாவது ஓடியது. இரண்டாவதை ஆரம்பித்ததுமே எனக்குக் காதுக்குள் கொசு புகுந்த மாதிரி ஒரு ‘கீஈஈ’. மலிவு அடாப்டர் போடுகிற சத்தம். நீ வாசித்து முடிக்கும்வரை அது நிற்கவே இல்லை.

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். இந்த மாதிரிச் சத்தம் பக்கத்துத் தெருவில் கேட்டாலே வேட்டியை மடித்துக்கொண்டு சண்டைக்குப் போகிற மனுஷன் ஆயிற்றே, இப்போது கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி, ‘ரெண்டாவதுதான் ஒரிஜினல். என்ன சுத்தம் பாரு! காது இருக்கிறவனுக்குத் தெரியும்’ என்றார். அதையே உனக்கும் அனுப்பிவிட்டார்.

நீ அதைக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டாய். ‘டூப்ளிகேட்டும் கீச் சத்தமுமா இருக்கறதைப் போய் சுத்தம்ங்கறார், என் வாசிப்பைக் குத்திக் காட்டறார்’ என்று எனக்கு மெசேஜ் போட்டாய், அப்பா பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். இல்லை கண்ணு. அவர் சத்தியமாகத்தான் சொன்னார். அவருக்கு அந்தக் கொசு கேட்கவே இல்லை.

ஊரெல்லாம் அவரைக் காதண்ணன் என்று கூப்பிடுகிறது. ஆயிரம் பேர் கூச்சலில் எந்த ஸ்பீக்கரில் ஓட்டை என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லுவாரே, அதற்கு வைத்த பெயர். அந்தக் காதுதான் போய்க்கொண்டிருக்கிறது. கீச்சென்று மேலே ஏறுகிற சத்தமெல்லாம் முதலில் போயிருக்கிறது. வாசல் பெல் கெட்டுப்போயிற்று என்று மாற்றினார், அந்தப் புது பெல்லும் கெட்டுப்போயிற்றாம். டிவியில் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயை மென்று பேசுகிறார்களாம். உலகமே ரிப்பேர், அவர் ஒருத்தர்தான் சரி! நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். அந்த இரண்டாவது பதிவைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

அதற்குப் பிறகு நீ அவருக்கு ஃபோன் செய்தாய். என்ன பேசினாய் என்பது நீ பிறகு எனக்குப் போட்ட மெசேஜில்தான் தெரிந்தது, அதையும் அழித்துவிட்டேன். வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் வாசிக்கப்போவதாகச் சொன்னாயாம், முதல் நிகழ்ச்சி நம் ஊரில்தான், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் நீங்கள் உட்காருவீர்களா அப்பா என்று கேட்டாயாம். அதற்கு அவர் ‘சரிம்மா, நல்லது, உடம்பைப் பாத்துக்க’ என்று வைத்துவிட்டாராம். உன் வாழ்க்கையில் நீ கேட்ட பெரிய கேள்வி அது, உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நான் பக்கத்திலேயே இருந்தேன். வைத்த பிறகு ‘என்னவாம் பாப்பாவுக்கு?’ என்று கேட்டேன். ‘சாப்பிட்டாளாம்’ என்றார்.

சாப்பிட்டாளாம்! நீயே சொல், இவரோடு நான் என்ன செய்வது? கேள்வி காதில் விழாத மனுஷன் எப்படிப் பதில் சொல்லுவார்? ஃபோனில் யார் என்ன சொன்னாலும் அவருக்கு இப்போது மூன்றே வார்த்தைதான். சரி, நல்லது, உடம்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ சிரிக்கலாம், நான் அன்றைக்கு அழுதேன். ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நம் சவுண்ட். நடுவில் ‘கீச்’ என்று ஒரு சத்தம், நிற்கவில்லை. தலைமை ஆசிரியை காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லச் சொல்ல அப்பா ஒவ்வொரு மைக்காகச் சத்தத்தைக் குறைத்தார், எல்லா மைக்கையும் அணைத்த பிறகும் சத்தம் அப்படியே இருந்தது. நான் கேபிள் பெட்டியை விட்டுவிட்டுக் கிட்டே போனேன். சத்தம் அவர் இடது காதிலிருந்து வந்துகொண்டிருந்தது. தோல் நிறத்தில் ஒரு சின்னக் கருவி. கடைத்தெருவில் கூறுகட்டி விற்கிறார்களே, பெரிய கம்பெனிக் காது மிஷினைப் பார்த்துச் செய்த டூப்ளிகேட், அது. டூப்ளிகேட்டைத் தொட்டால் கை கழுவணும் என்கிற மனுஷன், அதை யாருக்கும் தெரியாமல் வாங்கிக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார். அது கத்துவது ஊருக்கே கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை.

சட்டைக் காலரைச் சரிசெய்கிற மாதிரி கையைக் கொண்டுபோய் அதை உருவி, அவர் பையிலேயே போட்டேன். சத்தம் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தலைமை ஆசிரியையிடம் ‘மூணாவது மைக் தகராறு மேடம்’ என்றார். நானும் ‘ஆமாம், மாத்திட்டோம்’ என்றேன்.

அந்தக் கருவியை அவர் வாங்கியது நீ ஃபோன் செய்த அதே வாரம். யாருடைய பேச்சைக் கேட்க வாங்கினார் என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?

பெடல் மலிவாக இருக்கலாம் கண்ணு, அதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. காதுக்கு அது சரிவராது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பரிசோதித்து, அவர் காதுக்கென்றே அளந்து வைக்கணும். நான் சொன்னால் ‘எனக்கென்ன கேடு’ என்று சண்டைக்கு வருவார். டாக்டர் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. நீ ஒருத்தி கேட்டால்தான் நடக்கும். காதைப் பற்றி எழுதாதே, ரோஷக்காரர். ஃபோனில் கேட்டதையே ஒரு காகிதத்தில் எழுதிக் கேள். எழுத்து அவருக்கு நன்றாகவே கேட்கும்.

வேளைக்குச் சாப்பிடு. கோபத்தை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்துவிடு. இரண்டு பேர் நடுவில் ஒயர் இழுத்து இழுத்து எனக்கும் கை வலிக்கிறது.

உன் அம்மா

*

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் வந்தது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தில் காதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதிலிருந்தே உன் அம்மா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

காது டாக்டரிடம் போனேன். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இத்தனை வருஷ அனுபவம், விடுவேனா, அழுத்தினேன். வெளியிலிருந்து அந்தப் பெண் கதவைத் திறந்து, ‘சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை’ என்றாள். உன் அம்மா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. பிறகு ஒழுங்காக உட்கார்ந்தேன். பெரிய சத்தத்தின் பக்கத்திலேயே நின்று பிழைத்ததற்கு அது எடுத்துக்கொண்ட கூலி என்று டாக்டர் சொன்னார். போனது திரும்பாதாம். இருப்பதைக் காப்பாற்றலாமாம்.

நல்ல கருவியாகவே கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வாசல் பெல் அடித்தது. அது கெட்டுப்போகவில்லை. காகிதம் மடிக்கிற சத்தம் கேட்கிறது, உன் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது, அவள் சமையலறையில் என்னைத் திட்டுவதும் கேட்கிறது. இத்தனை நாள் நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறேன்.

உன் பதிவுகளை மறுபடி கேட்டேன். இரண்டாவதில் கொசு கத்துகிறது. என்ன கேவலமான அடாப்டர் அது! அதை முதலில் குப்பையில் போடு. அதைப் போய் சுத்தம் என்று உனக்கு எழுதினேன், நீ எப்படி எடுத்துக்கொண்டிருப்பாய் என்று இப்போதுதான் புரிகிறது. உன்னை நான் கிண்டல் செய்யவில்லையம்மா. உன் கையை நான் ஒருநாளும் கிண்டல் செய்ய மாட்டேன்.

கொசுவைத் தள்ளிவிட்டுக் கேட்டால் எது ஒரிஜினல், எது டூப்ளிகேட் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றனவா, என் காது அவ்வளவுதானா என்பதும் தெரியவில்லை. என்னைக் கேட்காதே. உனக்கு எது பிடித்ததோ அதை வாங்கு. டூப்ளிகேட் என்றாலும் சரி.

நீ கேட்ட பெரிய கேள்விக்குப் பதில். மிக்சரில் நான் உட்கார மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அம்மா உட்காரட்டும். கொசுவை முதலில் கேட்டவள் அவள்தான், கேட்டுவிட்டு என் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவளும் அவள்தான். மாப்பிள்ளை மைக்குகளை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், மழை பெய்தாலும் வருவார்கள். எனக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி போடு. நீ வாசித்து ஒரு தடவைகூட நான் எதிரே உட்கார்ந்து பார்த்ததில்லை, எப்போதும் பின்னால் குமிழைத் திருகிக்கொண்டே நின்றிருக்கிறேன்.

வேலையை விடுவதைப் பற்றி இரண்டு பக்கம் புத்தி எழுதினேன். அதைக் கிழித்துப்போட்டுவிட்டேன்.

நிகழ்ச்சி என்றைக்கு என்று எழுது. இந்தக் கருவிக்கு முந்தின நாளே சார்ஜ் போட்டு வைக்கணும்.

நன்றாக இரு. வாசிக்கும்போது எனக்காகக் குறைக்காதே, உனக்கு வேண்டிய சத்தத்திலேயே வாசி.

உன் அப்பா