தோளைத் தாண்டிய சிவப்பு

சனிக்கிழமை இரவு, ஷார்ஜா

ஈத் விடுமுறைக்கு அவர் சவூதியின் அல் கோபாரிலிருந்து வருவார் என்று நம்பி இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தேன். பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலையாம், லீவு கிடைக்கவில்லை. பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களின் கண்காட்சிக்கு இன்று நான் மட்டும் போய்வந்தேன்.

அங்கே ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை அருகருகே மாட்டியிருந்தார்கள். ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் பலசாலிப் பையன் ஒரு கரடியை மடக்கிப் பிடித்திருக்கிறான். கோடுகள் அச்சில் விழுந்தவை. நிறத்தைப் பிறகு ஆட்கள் உட்கார்ந்து தூரிகையால் பூசியிருக்கிறார்கள். ஒரு பிரதியில் மட்டும் பையனின் சிவப்பு தோளைத் தாண்டிக் கரடியின் மேலும் இழுபட்டிருந்தது. அதன் முன்னாலேயே வெகுநேரம் நின்றேன்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். டீ பிரேக்கில் கூப்பிட்டார்.

"என்ன கலா, பூசுனவன் ரொம்ப அவசரத்துல இருந்திருக்கான்! டூட்டி முடிஞ்சா போதும்னு வீட்டுக்கு ஓடியிருப்பான்."

"வீட்ல யாராச்சும் காத்துட்டு இருந்திருப்பாங்க."

சிரித்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஹஜ் பெருநாளுக்குப் பாக்கலாம்டி."

"சரிங்க" என்றேன். போன வருடமும் இதையேதான் சொன்னார். உங்களுக்கு அந்த அவசரம் இருக்கிறதா என்று கேட்க வாய்வரை வந்தது. அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது போனில் அந்தத் தோளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோடு முடிந்த இடத்திலும் தூரிகை நிற்கவில்லை. எனக்காக ஒருவர் அப்படி அவசரப்பட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.