கிட்னிக்குத் துரு

மார்ச் 4
அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை ஏறியிருக்கிறது, சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கிறது. மாத்திரையை விடாதீர்கள், இனிப்பைக் குறையுங்கள், நடங்கள் என்றார் டாக்டர். இவ்வளவு எளிதாகச் சொன்னால் என் வீட்டுக்காரர் நம்புவாரா? வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே, “இந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல போல” என்றார்.

மார்ச் 6
கொழுந்தன் வந்தான். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள். இவன் விற்கிற சரக்கைக் கொண்டு வந்தான். கட்டைவிரல் பருமனில் வைட்டமின் சி மாத்திரை. கூடவே ‘என்சைம்’ என்று அச்சடித்த பச்சைப் பொடி.

“அண்ணி, கிட்னியில துரு பிடிக்குது. இது சுரண்டி எடுத்துடும்.”

“கிட்னி என்ன தகரமா?” என்றேன்.

இவர் முறைத்தார். தம்பியை அல்ல, என்னை.

மார்ச் 9
கல்லூரியில் நான் எடுக்கும் உயிர்வேதியியல் வகுப்பில் இன்று கிட்னிதான் பாடம். சிறுநீரகம் ஓயாமல் உழைக்கிறது, ஆக்சிஜனை அள்ளிக் குடிக்கிறது, அதனால் நாசம் செய்யும் கழிவும் அங்கே அதிகம். அந்தக் கழிவை ஒரு நொதி, அதாவது என்சைம், பெராக்சைடாக மாற்றும். கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதி அதை வெறும் தண்ணீரும் ஆக்சிஜனுமாக உடைத்துப் போடும். குளுட்டாதயோன் என்ற பொருளை வைத்து வேலை செய்யும் மற்றொரு நொதியும் கை கொடுக்கும். எல்லாம் உடம்பே செய்துகொள்வது. சர்க்கரை கூடினால் இவை திணறிப்போகும்.

“அப்போ கடையில எதுக்கு மேடம் விக்கிறாங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

“உன் உடம்புல இருக்கிறத உனக்கே விக்க முடியாதே, அதான் டப்பாவுல போட்டு விக்கிறாங்க.”

வகுப்பே சிரித்தது. வீட்டில்தான் யாரும் சிரிப்பதில்லை.

மார்ச் 10
டாக்டர் கொடுத்த மாத்திரையை இவர் நிறுத்திவிட்டார். அது கெமிக்கலாம். தம்பி கொடுத்தது மரத்தில் காய்த்ததாக்கும்.

மார்ச் 13
சாப்பிடும்போது பொறுமையாகவே சொன்னேன். நொதி என்பது புரதம். விழுங்கினால் பருப்பைப் போல வயிற்றிலேயே செரித்துவிடும், கிட்னிக்கு நடந்து போகாது. வைட்டமின் சி அளவு மீறினால் ஆக்சலேட் என்ற உப்பாக மாறி கிட்னியில் கல்லாய்ப் படியும். தளர்ந்த கிட்னிக்கு அது தாங்காது.

“நீ சொல்றது புத்தகத்துல படிச்சது. அவன் அனுபவத்துல சொல்றான்.”

என்ன அனுபவம்? விற்ற அனுபவமா?

மார்ச் 29
முகம் பளபளப்பாகிவிட்டது என்று கண்ணாடி முன்னால் நின்று பூரிக்கிறார். பளபளப்பா அது? வீக்கம். கணுக்காலை அழுத்தினேன், குழி விழுந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால், “விஷம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்” என்று கொழுந்தன் போனில் சொன்னானாம்.

ஏப்ரல் 2
ஆஸ்பத்திரி. சிறுநீர் நின்றேவிட்டது. கிட்னிக்குள் ஆக்சலேட் படிகம். டயாலிசிஸ் போட்டிருக்கிறார்கள். நான் சொன்னதுதான் நடந்தது — என்ன பிரயோஜனம்? அந்த மாத்திரை டப்பாவைத் தூக்கிக் குப்பையில வீசியிருக்கலாம்ல? கிண்டல் பண்ணிட்டே இருந்தேன். வாய் மட்டும் நல்லா வேலை செஞ்சுது.

ஏப்ரல் 5
கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். தூங்கும்போது சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். நல்லா இருக்கும்போது ஒருநாளும் இப்படிப் பாவமாகத் தெரிந்ததில்லை.

ஏப்ரல் 20
வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி டயாலிசிஸ் வேண்டாம். ஆனால் கிட்னி பழையபடி ஆகாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். இவர் தலையாட்டினார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, இந்த முறை டாக்டரைக் குறை சொல்லவில்லை.

மே 8
பக்கத்து வீட்டுக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: “நம்ம உடம்புலயே என்சைம் இருக்கு சார். சுகரைக் குறைச்சா அது வேலையை அது பார்த்துக்கும். டாக்டர் சொன்னார்.”

டாக்டர் சொன்னாராம்! காபியை நங்கென்று வைத்துவிட்டு வந்தேன். இருந்தாலும் சிரிப்பு வந்தது.

ஜூன் 1
ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டாத கொழுந்தன் இன்று வந்தான். வேறு என்ன விற்க வந்திருக்கிறான் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கால் வீங்கியிருந்தது.

“நானும் அதைத்தான் அண்ணி சாப்பிட்டேன். அண்ணனுக்கு முன்னாடியிருந்தே. நல்லதுன்னு நம்பித்தான் கொடுத்தேன்.”

ஏமாற்றுக்காரன் என்று இத்தனை நாள் திட்டினேன். இவன் நிஜமாகவே நம்பியிருக்கிறான். ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் இவன் கிட்னியாவது தப்பித்திருக்கும்.

இவர் எழுந்து சட்டை மாட்டினார்.

“கிளம்புடா, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம். அவர் சொல்றத மட்டும் கேளு.” பிறகு என்னைப் பார்த்து, “நீயும் வா. இவனுக்குப் புரியற மாதிரி நீதான் சொல்லணும்” என்றார்.

போனேன்.