அசைந்த விரல்கள்

பவியா, மார்ச் 1800

அன்புள்ள பெட்ரோனியோ,

எட்டு வருடமாக நாம் பேசவில்லை. தவளைக் காலைத் துடிக்கவைக்கும் மின்சாரம் அதன் உயிருக்குள் இருக்கிறது என்றாய் நீ. உலோகத்தில் இருக்கிறது என்றேன் நான். இப்போது வெள்ளியும் துத்தநாகமும் இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையுமாக அடுக்கிவிட்டேன். தவளையே இல்லாமல் மின்சாரம் வருகிறது. நான்தான் ஜெயித்தேன்.

செவ்வாயன்று என் மகளை, உன் ஞானமகள் கியாரினாவைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. சவப்பெட்டியை மூடுமுன் அந்த அடுக்கின் கம்பிகளை அவள் கையில் வைத்தேன். ஏன் என்று கேட்காதே. விரல்கள் மடங்கின.

“உசிரு இருக்குங்க. இன்னொரு தடவ வைங்க,” என்றாள் என் மனைவி.

வைத்தேன். விரல்களை மடக்கியது உலோகம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ சொன்னதே சரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் வைத்தேன்.

தோற்க ஆசைப்பட்ட,
உன் பழைய சிநேகிதன்