மார்ச் நாலும் மாசி இருபதும்

பிப். 24, திங்கள்

வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. மார்த்தாண்டத்தில், கல்லூரியில், கெமிஸ்ட்ரி பிராக்டிக்கல் பரீட்சைக்கு பேட்ச் பிரித்து ஒட்டியிருக்கிறார்கள். முதல் பேட்ச் மார்ச் 3, திங்கள். இரண்டாவது மார்ச் 4, செவ்வாய். நான் முதல் பேட்ச்.

ஆனால் 2ஆம் தேதி ஞாயிறு நாகர்கோவிலில், நான் கூடவே படிக்கும் பி.ஏ. ஹிஸ்டரிக்குப் பரீட்சை. தொலைதூரக் கல்வி, பரீட்சை எல்லாம் சனி, ஞாயிறு மதியம்தான். ஞாயிறு அரசர்கள், மறுநாள் காலை அமிலங்கள். நடுவில் ஒரு நாளாவது வேண்டாமா?

இரண்டாவது பேட்ச் ஜெனிஷாவைக் கேட்டேன். கடியப்பட்டணத்துக்காரி.

"ஏட்டி, நீ திங்கக்கெழம போறியா? நான் செவ்வாய் எடுத்துக்கிடுதேன்."

"நல்லா யோசிச்சியா? பொறவு மாத்தமாட்டேன், பாத்துக்க."

யோசித்தாயிற்று. எச்.ஓ.டி. கையெழுத்தும் வாங்கியாயிற்று. என் திட்டத்தை நினைத்து எனக்கே பெருமை.

பிப். 27, வியாழன்

பாக்கி வேலை: ரெக்கார்டில் இரண்டு கையெழுத்து. ஹால் டிக்கெட் பிரிண்ட். லேப் கோட் துவைக்க. பேனா.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "நீ சயின்ஸா ஆர்ட்ஸா, ஒண்ணச் சொல்லு மக்களே." இரண்டும் என்றேன். ஏதோ வியாதியின் பெயரைச் சொன்னது போல முகத்தை வைத்துக்கொண்டார். கெமிஸ்ட்ரி வேலைக்கு. ஹிஸ்டரி எனக்கு. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா சந்தையிலிருந்து வந்தார். குழித்துறையில் வாழைக்குலைக் கடை. கால் கழுவும்போதே கேட்டார்: "மாசி இருபதுக்கு சாமித்தோப்புக்கு வருவியா?" அய்யா வைகுண்டர் அவதரித்த நாள். இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகக் கேட்கிறார். வருவேன் என்றேன், மூன்றாவது முறையாக.

பிப். 28, வெள்ளி

கல்லூரி வாட்ஸாப்பில் அறிவிப்பு. மார்ச் 4 உள்ளூர் விடுமுறை. ஈடாக மார்ச் 8, சனி வேலைநாள். இரண்டாவது பேட்ச் பிராக்டிக்கல் அன்றைக்கு, காலை பத்து முதல்.

மார்ச் 8 மதியம் இரண்டு மணிக்கு எனக்கு நாகர்கோவிலில் தென் திருவிதாங்கூர் வரலாறு. பி.ஏ.வில் எனக்கு மிகவும் பிடித்த தாள்.

மார்ச் 4தான் மாசி 20. வீட்டில் யாரும் மார்ச் என்று சொன்னதில்லை. கல்லூரியில் யாரும் மாசி என்று சொன்னதில்லை. இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் நான். அடுக்களைக் காலண்டரில் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் இருக்கின்றன. பிறந்ததிலிருந்தே அய்யாவழி வீடு. வெட்கமாக இருக்கிறது.

ஜெனிஷா ஃபோனில் சிரித்தாள். "நான் அப்பமே கேட்டேன்லா." எச்.ஓ.டி. சிரிக்கவில்லை. "ஒரு தடவ மாத்திக் குடுத்தாச்சு. லிஸ்ட் மேல போயாச்சு." பிராக்டிக்கலை விட்டால் இனி அடுத்த வருடம்தான்.

அப்பாவிடம் சொன்னேன்.

"ரெண்டும் வேண்டாம்னு அண்ணைக்கே சொன்னேன். இதுல ஒரு பரீட்ச போச்சுன்னா பி.ஏ.வ விட்டுரணும். அவ்வளவுதான்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 2, ஞாயிறு (மாசி 18)

பரீட்சை பரவாயில்லை. பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன். இனி இரண்டு தேதியும் எழுதுவது என்று முடிவு.

மார்ச் 4, செவ்வாய் (மாசி 20)

சாமித்தோப்பு. அப்பா தலைப்பாகை, நாமம். முகம் தெளிந்திருந்தது. கூட்டம் நின்ற இடத்தில் எல்லாம் பையிலிருந்து பிராக்டிக்கலுக்கான சால்ட் நோட்டை எடுத்துப் படித்தேன். அப்பா பார்த்தார்.

கணக்கு: பிராக்டிக்கல் ஒரு மணிக்கு முடியும். பிறகு வைவா. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஒன்றேகால் மணி நேரம், தக்கலையில் நெரிசல் இல்லாவிட்டால். இரண்டரைக்கு மேல் ஹாலுக்குள் விடமாட்டார்கள். எப்படிக் கூட்டினாலும் வரவில்லை. பயம்.

மார்ச் 8, சனி (மாசி 24)

வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பட்டியலில் என் பெயர் கடைசியில், பேனாவால். அதனால் வைவாவும் கடைசி.

என் சால்ட் கலவையில் கண்டுபிடிக்க வேண்டியது நான்கு ரேடிக்கல். 12.35க்குள் மூன்று கிடைத்தது. அமோனியா மூக்கிலேயே நின்றது. நாலாவதுக்கு இன்னும் அரை மணி நேரம் வேண்டும்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினரிடம் போனேன். முதலில் வைவா தரமுடியுமா என்று கேட்டேன்.

"பேப்பரக் குடுத்தா தரலாம். நாலாவது பாக்கலியேம்மா?"

"பாக்கல சார்."

பக்கத்து மேசைக்காரிக்கும் அதே கலவை. "ஜிங்க்ட்டி, ஜிங்க். எழுது." கை போனது. எழுதவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதியவர்களை ஹிஸ்டரி தாளில் நானே திட்டியிருக்கிறேன். 'சோதிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண் போகும். போகட்டும் என்று அப்போது தோன்றியது. இப்போது வலிக்கிறது.

வைவா முடிந்து 1.15க்கு வெளியே. கேட்டில் அப்பா, பைக்கில். கடையை யாரிடம் விட்டார் என்று கேட்கவில்லை.

"பஸ்ஸ நம்பினா எத்தாது. ஏறு."

தக்கலையில் பதினொரு நிமிடம் நின்றோம். எண்ணினேன். அப்பா ஒருமுறைகூடத் திரும்பவில்லை. 2.24க்கு, பரீட்சை நடக்கும் பள்ளியின் கேட். கண்காணிப்பாளர் என் விரல் கறையைப் பார்த்து, "என்னது, மருதாணியா?" கெமிஸ்ட்ரி என்றேன். ஹால் டிக்கெட்டை மறுபடியும் பார்த்தார்.

கடைசிக் கேள்வி பாதியில் நின்றது. பேப்பரைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தேன். அதே இடத்தில் அப்பா. சாயாக்கடைக்குக் கூட்டிப்போனார். எனக்கு ஒரு வாழைக்காய் பஜ்ஜி, கேட்காமலே.

"எழுதினியா?"

"ரெண்டும் முழுசா எழுதல."

சாயாவை ஆற்றினார். குடித்து முடித்தார். பி.ஏ. முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பைக் சாவியை எடுத்தார்.

"அடுத்த வருஷம் மாசி இருபது எந்தத் தேதின்னு இப்பமே பாத்து வையி."

அந்த வருடத்துக் காலண்டர் இன்னும் அச்சாகவில்லை. ஃபோனில் பார்த்தேன். மார்ச் 4தான். புதன்.