நாலு கம்பியும் ஒரு காலும்

மார்ச் 3, செவ்வாய்

மாவுக்கட்டு போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வலது கால், முழங்கால் வரைக்கும். தங்கை வீடு மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. என்னைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிய இரண்டு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். என்னால் மட்டும் இறங்க முடியாது. பதினாறு சக்கர லாரியை ஒற்றைக் கையால் ரிவர்ஸ் எடுக்கிறவன், கக்கூஸுக்குப் போக பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் விசாரிக்க வந்தார். எருமை குறுக்கே பாய்ந்ததையும் நான் ஸ்டியரிங்கை ஒடித்ததையும் சொன்னேன். மனுஷன் வாயைப் பிளந்துவிட்டார். உள்ளேயிருந்து தங்கை, "ஏண்ணே, நேத்து ஒரு எருமைதானே? இன்னிக்குக் கன்னுக்குட்டியும் சேந்துடுச்சே" என்றாள்.

நின்றுகொண்டிருந்த லாரியிலிருந்து இறங்கும்போது படி வழுக்கியது என்று இவளுக்கு யார் சொல்லித் தொலைத்தார்களோ.

மார்ச் 5, வியாழன்

லாரி யார்டு மேனேஜர் போன் செய்தார். "உன் வண்டிய வேற ஆள்கிட்ட குடுத்திருக்கேன்யா. கட்டு பிரிச்சதும் வா. பிரேக் டெஸ்ட் வெச்சுப் பாத்துட்டுத்தான் சாவி."

டெஸ்ட்! எனக்கு! அந்த யார்டில் பாதிப் பேருக்கு பிரேக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததே நான்தான்.

என் சீட்டில் எவனோ உட்கார்ந்திருக்கிறான். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருப்பான்.

மார்ச் 9, திங்கள்

ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். சுவரில் ஒரு குழாய். குழாயை எவ்வளவு நேரம் பார்ப்பது?

தங்கை புருஷன், மாப்பிள்ளை, பகலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் ஒரு ஹோட்டல் பேண்டில் கிடார். அதிகம் பேசமாட்டார். இன்று அவருடைய பழைய கிடாரை என் மடியில் வைத்து, "சும்மா இருக்கறதுக்கு இதைத் தட்டுங்க, மச்சான்" என்றார்.

அதில் நாலே கம்பி. இத்தனை வருஷமாக மீதி இரண்டை வாங்க அவருக்கு மனசு வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பத்துப் பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். நாலுதானாம். பேஸ் கிடாராம். உடனே எனக்குப் பிடிபட்டுவிட்டது. பேஸ் என்றால் அடிப்படை. அஸ்திவாரம். ஆரம்பப் பாடம் படிக்கிறவர்களுக்கு நாலு கம்பி, தேறினால் ஆறு கம்பிக்கு பிரமோஷன். தையல்காரரைக் கூப்பிட்டு இதை விளக்கினேன். மாப்பிள்ளை முழுவதையும் கேட்டுவிட்டு, "அது வேற பேஸ், மச்சான். இது அடிக்குரல்" என்றார்.

சரி, அடி என்பது வந்துவிட்டதல்லவா? கிட்டத்தட்ட நான் சொன்னதுதான்.

மார்ச் 10, செவ்வாய்

விரல் நுனியெல்லாம் கொப்புளம். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய கைக்கே!

மார்ச் 15, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு இன்று லீவு. பாடம் நடந்தது. பாடம் என்ன பாடம், ஒரே ஒரு சுரம். போனில் டிக், டிக் என்று ஒன்று அடிக்கிறது. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு தரம் கம்பியை இழுக்க வேண்டும். குழந்தை கூடச் செய்யும்.

"பிந்துறீங்க."

"இல்ல மாப்பிள்ளை, மெஷின் முந்துது."

"மெஷின் முந்தாது, மச்சான்."

காலால் தாளம் போட்டால் சரியாகுமாம். வலது கால் கட்டுக்குள் இருக்கிறது. இடது காலில் போட்டேன். இடது கால் கிளட்ச் கால். அதற்கு அமுக்கத் தெரியும், விடத் தெரியும். தாளம் எங்கே தெரியும்?

மார்ச் 23, திங்கள்

போதும்டா சாமி. எதிர்ல ஒரே சுவரு, கையில ஒரே சுரம். இதுக்கா பொறந்தேன்? நடுவுல ரெண்டு சுரத்த அழகா வளைச்சு விட்டா, "அந்த ஜிகினாவெல்லாம் வேணாம், மச்சான், அதே எடத்துல நில்லுங்க"ங்கறார். நிக்கத்தானே முடியல எனக்கு! நிக்க முடிஞ்சா இங்க ஏன் உக்காந்திருக்கேன்?

கத்திவிட்டேன். தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளை டிக்டிக்கை நிறுத்தவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

கீழ் வீட்டுக்காரர் தடியால் கூரையை இடிக்கிறார். ரசிகர்.

ஏப்ரல் 2, வியாழன்

நான் வாசித்ததை மாப்பிள்ளை போனில் பதிந்து காதில் வைத்தார். டிக் விழுகிறது, அப்புறம்தான் நான். டிக், அப்புறம் நான். தட்டிய கதவைத் தூக்கக் கலக்கத்தில் திறக்கிறவன் மாதிரி.

போன் பழசு.

ஏப்ரல் 3, வெள்ளி

திரும்பக் கேட்டேன். போன் பழசுதான்.

ஏப்ரல் 6, திங்கள்

கட்டு பிரித்தார்கள். உள்ளே இருந்த கால் என்னுடையதே இல்லை. எவனோ நோஞ்சானுடையது. "மெதுவா நடங்க. வண்டி ஓட்டறதப் பத்தி அப்புறம் பாப்போம்" என்றார் டாக்டர். இந்த வயதில் இப்படி எலும்பு கூடி அவர் பார்த்ததே இல்லை, மாணவர்களுக்குக் காட்ட என்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று வீட்டில் சொன்னேன்.

"எருமைக்குக் கட்டு பிரிச்சாச்சா?" என்றாள் தங்கை.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று ஒரு பாட்டு முழுக்க இடது காலில் தட்டிக்கொண்டே வாசித்தேன். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது மாலை போட்ட மாதிரி. கிளட்ச் கால் கற்றுக்கொண்டுவிட்டது!

ஏப்ரல் 17, வெள்ளி

வலது கால்தான் வந்துவிட்டதே என்று அதற்கு மாற்றினேன். பிந்துகிறது. இடதுக்கு மாற்றினால் டிக்கின் மேலேயே விழுகிறது. மறுபடி வலது. பிந்துகிறது. டிக் கேட்கிறது, காலுக்குச் சொல்கிறேன், கால் யோசித்துவிட்டு வருகிறது.

மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.

மே 5, செவ்வாய்

டெஸ்ட். டிரைவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். நான் நினைத்தது சரி, சீட்டை முன்னால் இழுத்திருக்கிறான். பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நாற்றம், அந்த உறுமல். மூன்றாம் மாடி எங்கேயோ போய்விட்டது.

யார்டுக்குள் ஓட்ட வேண்டும், மேனேஜர் "பிரேக்!" என்று கத்தியதும் நிறுத்த வேண்டும். கத்தினார். நிறுத்தினேன். எல்லாரும் கை தட்டினார்கள். "பாஸ்யா! ஆள் இல்லாம செத்துட்டிருக்கேன். நாளைக்கே லோடு ஏத்து."

"இன்னொரு தரம் கத்துங்க" என்றேன். படம் காட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

கத்தினார். அவருடைய குரல் ஒரு டிக். அதற்கு அப்புறம்தான் பிரேக் மேல் என் வலது கால். ரொம்ப இல்லை, கண் சிமிட்டுகிற நேரம். காலி வண்டி, காலி யார்டு, யாருக்குத் தெரியப்போகிறது? போன மாதம் வரை எனக்கே தெரிந்திருக்காது. லோடு ஏற்றி இறக்கத்தில் வரும்போது குறுக்கே ஒரு ஆள் வந்தால்? எருமை இல்லடா, ஆளு. நெசமான ஆளு.

மூன்றாம் தரமும் கத்தச் சொன்னேன். பிந்தியது.

இறங்கிப் போய்ச் சாவியை அவர் கையில் வைத்தேன்.

"என்னய்யா ஆச்சு?"

"நேரமில்ல சார். கச்சேரி ஒத்துக்கிட்டேன்."

"என்ன கச்சேரி?"

"பேஸ் கிடார். ஊர் ஊராக் கூப்பிடறாங்க."

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மே 6, புதன்

"வெளிய போகணும், வெளிய போகணும்னு குதிச்சீங்க. இப்ப வேலைய விட்டுட்டு வந்து உக்காந்திருக்கீங்க. மூளை கீளை பிசகிடுச்சா அண்ணே?" தங்கை காலையிலிருந்து விடவில்லை. கலைஞனை வீட்டில் யார் மதிக்கிறார்கள் என்றேன்.

அவள் உள்ளே போனதும் மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் கால், மச்சான்?"

"வலது."

தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.

மே 10, ஞாயிறு

மேனேஜர் யார்டு முழுக்கப் பரப்பிவிட்டார். டிரைவர்கள் மாறி மாறி போன். கச்சேரி எப்போது, எங்கே, லாரி போட்டுக்கொண்டு மொத்தமாக வரலாமா என்று.

பதினெட்டாம் தேதி என்று சொல்லியிருக்கிறேன். எந்த மாதம் என்று சொல்லவில்லை.

காலையிலிருந்து அதே சுரம். இடது காலில்.